டிக்ஸ் சாலையின் கதவுகள்

2024 அக்டோபரில், டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்போர்ன் நகரத்தில் எங்கே திரும்பினாலும் ஒலிவாங்கிகள். அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. மிச்சிகன் மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்பது அரபு வாக்காளர்கள் கையில் இருப்பதாகப் பேச்சு. வாரன் அவென்யூவின் பேக்கரிகளிலும் தேநீர்க் கடைகளிலும் வெளியூர் நிருபர்கள் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: யாருக்கு ஓட்டு? அந்த நாட்களில்தான் தெற்கு லெபனானில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. பதில் சொன்னவர்களில் பலர் இரவெல்லாம் தொலைபேசியில் ஊர் உறவினர்களைத் தேடிவிட்டுக் கண்சிவக்க வந்தவர்கள். அதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

நான் போனதற்குக் காரணம் வேறு. குடியேறிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் எங்கும் உண்டு. குடியேறிகளே தங்கள் தெருவை, தங்கள் நோயை, தங்கள் வீட்டுக்குள் நடக்கும் சண்டையை முறையாக ஆராய்ந்த இடங்கள் அதிகமில்லை. டியர்போர்ன் அப்படிப்பட்ட ஓர் இடம். அந்த வேலை எங்கே தொடங்கியதோ அந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

வண்டி ஓட்டியது நண்பரின் மகன். சென்னையை அடுத்த மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் வேலை பழகியவன். 2022-இல் அங்கே உற்பத்தி நின்றபோது இங்கே வந்துவிட்டான். டெட்ராய்ட்டைச் சுற்றியிருக்கும் தமிழர்களில் பலருக்குக் கார்த் தொழில்தான் சோறு போடுகிறது. டியர்போர்ன் என்றால் அவர்களுக்கு ஃபோர்டு தலைமையகம், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம், வார இறுதியில் ஹலால் பிரியாணிக்கும் பக்லாவாவுக்கும் ஒரு நடை. நான் சவுத் எண்டுக்குப் போகவேண்டும் என்றதும் அவன் யோசித்தான். “அங்கே ஃபாக்டரியும் பழைய வீடுகளும்தான் இருக்கும், அங்கிள்” என்றான். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

நகரத்தின் தென்கிழக்கு மூலையில், ரயில் பாதைக்கும் ஆலைக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது சவுத் எண்ட். டிக்ஸ் அவென்யூதான் அதன் கடைத்தெரு. யேமனியரின் உணவகம், முடிதிருத்தும் கடை, மளிகை, பணம் அனுப்பும் கடை என்று பெயர்ப்பலகைகள் அரபியில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிகின்றன. பக்கத் தெருக்களில் சிறிய மாடி வீடுகள். வாசலில் இரண்டு படி, ஒரு தாழ்வாரம், அதில் செருப்புகள். பின்கட்டில் திராட்சைக் கொடியும் புதினாவும். எந்தத் தெருவின் கோடியில் நின்று பார்த்தாலும் வானத்தை மறைத்துக்கொண்டு ரூஜ் ஆலையின் புகைபோக்கிகள் தெரிகின்றன.

அந்த ஆலை இல்லாவிட்டால் இந்தத் தெருவே இல்லை. 1917-இல் ஹென்றி ஃபோர்டு ரூஜ் ஆற்றங்கரையில் கட்டத் தொடங்கி 1928-இல் முடித்தது அது. ஒரு பக்கம் இரும்புத் தாதும் நிலக்கரியும் கப்பலில் வந்திறங்க, மறுபக்கம் முழுக் கார் உருண்டு வெளியேறும். உச்சத்தில் லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடம். 1914-இல் நாளுக்கு 5 டாலர் கூலி என்று ஃபோர்டு அறிவித்த செய்தி லெபனான் மலைக் கிராமங்கள் வரை போனது. வந்தவர்கள் முதலில் டெட்ராய்ட் வட்டாரத்து ஹைலேண்ட் பார்க் ஆலையைச் சுற்றிக் குடியேறினார்கள். 1921-இலேயே அங்கு ஒரு பள்ளிவாசல் எழுந்தது. வேலை ரூஜுக்கு மாறியபோது குடும்பங்களும் இங்கே மாறின. டிக்ஸ் பள்ளிவாசல் என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்கன் மோஸ்லம் சொசைட்டி 1930களின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. பிறகு யேமனியர் பெருகினார்கள். நான் போன வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கு அங்கிருந்து ஒலிபெருக்கியில் பாங்கு கேட்டது. அமெரிக்க நகரம் ஒன்றின் தெருவில் பாங்கு கேட்பது இன்று புதினமில்லை. அண்டை வீட்டார் புகார், நீதிமன்றம் எல்லாவற்றையும் தாண்டி இந்த ஒலிபெருக்கி பல பத்தாண்டுகளாக ஒலித்துவருகிறது.

இந்தத் தெருவை முழுவதுமாக அழித்துவிட நகராட்சி முடிவு செய்திருந்தது. 1942 முதல் 1978 வரை டியர்போர்னின் மேயராக இருந்தவர் ஆர்வில் ஹபர்ட். கறுப்பினத்தவர் தன் நகரத்தில் குடிவராமல் பார்த்துக்கொண்டதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்ட மனிதர். அவருடைய நிர்வாகத்துக்கு சவுத் எண்ட் ஒரு சேரி. அதை இடித்து ஆலைப் பகுதியாக்க வேண்டும். ஒரே நாளில் இடித்திருந்தால் ஊர் பார்த்திருக்கும். நடந்தது மெதுவான நெருக்குதல். வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கிடைக்காது. விற்கப் போனால் ஆய்வாளர் வந்து குறைகளின் பட்டியலை நீட்டுவார். கடன் கிடைக்காது. கடைசியில் வாங்குவதற்கு நகராட்சி மட்டுமே நிற்கும். வாங்கியதும் இடித்துவிடும். வெற்று மனையாக அது கிடக்கக் கிடக்க, பக்கத்து வீட்டின் விலையும் இறங்கும். இப்படியே நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. எஞ்சியதைக் காட்டி, பாழடைந்த பகுதி என்று நாங்கள் சொன்னது சரிதானே என்று நகராட்சியே கேட்டது.

1971 கோடையில் டெட்ராய்ட்டின் வெயின் ஸ்டேட் பல்கலைக்கழக மானுடவியலாளர் பார்பரா அஸ்வாத், மாணவர்களோடு இந்தத் தெருக்களில் இறங்கினார். துருக்கியின் அரபுக் கிராமங்களில் களப்பணி செய்தவர் அவர். வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேட்டார்கள். எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள், யார் யாருக்கு உறவு, எங்கே வேலை, போகச் சொன்னால் எங்கே போவீர்கள், போக விருப்பமா. நகராட்சி ஒருபோதும் கேட்காத கேள்விகள் இவை. கிடைத்த சித்திரம் சேரியினுடையது இல்லை. மாமன் மச்சான் அடுத்த தெருவில், பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில், ஆலையின் வாயில் அதற்கப்பால். ஆங்கிலம் தெரியாத கிழவி ஒருத்தி யாருடைய தயவும் இல்லாமல் கடைக்குப் போய்வரக்கூடிய ஊர். இங்கேயே இருக்கத்தான் அவர்கள் விரும்பினார்கள்.

அதே 1971-இல் இந்தப் பகுதியிலேயே ஒரு கடையறையில் தன்னார்வலர்கள் சேர்ந்து ஆக்சஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது, மொழிபெயர்ப்பது, வேலை தேடித்தருவது என்பதுதான் முதலில் அதன் பணி. குடியிருப்பாளர்கள் நகராட்சிமீது கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். 1973-இல் நீதிபதி ரால்ஃப் ஃப்ரீமன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்: ஈடு கொடுக்காமலே மக்களின் சொத்தை நகராட்சி பறித்திருக்கிறது. எஞ்சிய வீடுகள் நின்றன. நான் நடந்தது அந்த வீடுகளுக்கு நடுவேதான்.

இன்று நகரத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் பேர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மத்திய கிழக்கு அல்லது வட ஆப்பிரிக்க வம்சாவளி என்று எழுதினார்கள். மிச்சிகன் அவென்யூவில் பழைய நகராட்சி மண்டபத்தின் முன்னால் ஹபர்டின் சிலை நின்றது. 2015-இல் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் 2005-இல் ஆக்சஸ் கட்டிய அரபு அமெரிக்க தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. 2022 முதல் மேயராக இருப்பவர் அப்துல்லா ஹம்மூத். நகரத்தின் முதல் அரபு முஸ்லிம் மேயர். படிப்பால் நோய்ப்பரவலியல் அறிஞர். தெருவையும் நோயையும் எண்களாகப் பார்க்கப் பழகிய ஒருவர் இந்த ஊருக்கு மேயரானது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

எண்ணுவது என்ற காரியம் இந்த மக்களுக்கு எவ்வளவு சிக்கலானது என்பதை அந்த அருங்காட்சியகத்தில் நின்றபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். 1942-இல் அஹமத் ஹசன் என்ற யேமனியர் டெட்ராய்ட் நீதிமன்றத்தில் குடியுரிமை கேட்டார். அப்போதைய சட்டப்படி அவருக்குக் குடியுரிமை கிடைக்க அவர் வெள்ளையராகக் கருதப்பட வேண்டும். அரேபியர் வெள்ளையர் இல்லை என்று நீதிபதி மறுத்தார். இரண்டே ஆண்டுகளில் மாசசூசெட்ஸில் இன்னொரு நீதிபதி, அரேபியர் வெள்ளையரே என்றார். அந்தக் கணக்கே நிலைத்தது. அதன்பின் அரசின் ஒவ்வொரு படிவத்திலும் அரேபியர் வெள்ளையர்தாம். காவலர் மறிக்கும்போதும் விமான நிலையத்தில் தனியே அழைக்கப்படும்போதும் அந்த வெள்ளை எங்கே போனது என்று கேட்காத குடும்பம் இங்கே இருக்காது.

இது மானப் பிரச்சினை மட்டுமில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் எல்லோரும் வெள்ளையர் என்றே எழுதப்பட்டால், யேமனியக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா அதிகமா, ஈராக்கிலிருந்து வந்தவர்களுக்கு நீரிழிவு அதிகமா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத நோய்க்கு நிதி வராது. புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து அரபுக் குடும்பப் பெயர்களை வைத்துச் சலித்தெடுத்துக் கணக்குப் பார்க்கும் முறையை டெட்ராய்ட் ஆய்வாளர்கள் கையாண்டது இந்த நெருக்கடியால்தான். அமெரிக்கக் கணக்கெடுப்பு மதத்தையும் கேட்பதில்லை. மதத்தைப் பற்றிப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். ஆக, அமெரிக்க முஸ்லிம்கள் எத்தனை பேர், எப்படி வாழ்கிறார்கள் என்பதை வேறு யாராவதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்கப்படுவது என்பதே அச்சமாக மாறிய காலமும் வந்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு டெட்ராய்ட் வட்டாரத்து அரபு ஆண்கள் பலருக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ‘விசாரணைக்கு வாருங்கள்’ என்று கடிதம் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம், எந்தெந்த ஊரில், எந்தெந்த அஞ்சல் வட்டத்தில் எத்தனை அரேபியர் என்ற பட்டியலை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தொகுத்துக் கொடுத்தது 2004-இல் வெளியே தெரிந்தது. எல்லோருக்கும் கிடைக்கும் தகவல்தானே என்று அலுவலகம் விளக்கம் சொன்னது. யாருக்காக, எதற்காகத் தொகுத்தார்கள் என்பதை மக்கள் மறக்கவில்லை. 2014-இல் கசிந்த ஓர் ஆவணம், அரசின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் நியூயார்க்குக்கு அடுத்தபடி அதிகப் பெயர்கள் இருப்பது இந்தச் சின்ன ஊரில் என்றது.

இந்தச் சூழலில் ஒருவர் பலகையும் பேனாவுமாக வாசலில் வந்து நின்றால் கதவு திறக்குமா? 2003-இல் திறந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெட்ராய்ட் அரபு அமெரிக்க ஆய்வு என்ற பெயரில் 1,016 அரபு, கல்தேயப் பெரியவர்களை நேரில் சந்தித்துப் பேசினார்கள். கல்தேயர் என்பது ஈராக்கின் கத்தோலிக்கக் கிறித்தவர்கள். இருபதுக்கும் மேற்பட்ட சமூக அமைப்புகளைத் தொடக்கத்திலேயே ஆலோசனைக் குழுவில் உட்காரவைத்தார்கள். கேள்விகள் அவர்கள் பார்வைக்குப் போயின. கதவு திறந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கிடைத்த பதில்கள் வெளியார் எதிர்பார்த்தபடி இல்லை. டெட்ராய்ட் வட்டார அரபு, கல்தேய மக்களில் பெரும்பான்மையினர் கிறித்தவர்கள். டியர்போர்னில்தான் முஸ்லிம்கள் மிகுதி. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இனத்தின் பெயரால் கெட்ட அனுபவம் நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 15 சதவீதம். வேற்று இனத்தார் ஒருவர் வந்து ஆறுதலோ ஆதரவோ சொன்னதாகக் கூறியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்த இரண்டாவது எண்ணைப் பத்திரிகைகள் எவ்வளவு குறைவாக எழுதின என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டிக்ஸ் அவென்யூ தேநீர்க் கடை ஒன்றில் ஒரு பெண்மணியைச் சந்தித்தேன். யேமனில் பிறந்து, பத்து வயதில் இங்கே வந்தவர். பல வருடங்களாக சுகாதார ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போகிறவர். ஏலமும் பாலும் கொதித்த அதனீ தேநீரை இரண்டு குவளைகளில் ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

“பல்கலைக்கழகத்துக்காரர்கள் முதலில் கொடுத்த தாளில், கடந்த இரண்டு வாரத்தில் நம்பிக்கை இழந்ததாக உணர்ந்தீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. எங்கள் அம்மாக்களிடம் அதைக் கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள். முடிந்தது. அல்லாஹ்விடம் நம்பிக்கை இழந்தேன் என்று எந்தத் தாய் சொல்வாள்?”

“அப்புறம் என்ன செய்தீர்கள்?”

“இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். தூக்கம் வராவிட்டால் என்ன செய்வீர்கள், கடைசியாக யார் வீட்டுக்குப் போனீர்கள், மார்பு அடைக்கிறதா என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்கள். சிலர் அழுதார்கள். தாளில் இருந்த கட்டங்கள் பத்தவில்லை.”

கணவர் கூடத்தில் இருந்தால் சில கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு, சமையலறையில் உதவுகிற சாக்கில் உள்ளே போய்க் கேட்பாராம். கையெழுத்து வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்றார். ஆய்வுக்குச் சம்மதம் என்று தாளில் கையெழுத்துக் கேட்டால், வீட்டைப் பிடுங்கப் போகிறார்களா, மகனைப் பிடிக்கப் போகிறார்களா என்று முகம் மாறிவிடும். அந்தத் தாளை மூன்று முறை படித்துக் காட்டி, வேண்டாமென்றால் கிழித்துப் போடுங்கள், நான் நாளைக்கும் தேநீருக்கு வருவேன் என்று சொல்வாராம். பிறகு அவர் சொன்ன ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. கேள்வி கேட்டுப் போனவர்களில் விடையைக் கொண்டுவந்து காட்டியவர்கள் ரொம்பக் குறைவு. அப்படிக் காட்டாதவர்களுக்காக இரண்டாம் முறை தான் கதவைத் தட்டுவதில்லை.

வெளியார் செய்யும் அநியாயத்தை எண்ணுவது ஒருவகையில் எளிது. வழக்கு, கண்காணிப்பு, ஆலைப்புகை: இவற்றை எண்ணும்போது ஊர் ஒன்றாக நிற்கும். சொந்த வீட்டுக்குள் நடப்பதை எண்ணும்போதுதான் சோதனை. அமெரிக்க முஸ்லிம்களைப் பற்றி ஆராய 2002-இல் மிச்சிகனில் முஸ்லிம்களே தொடங்கிய நிறுவனம் ஒன்று உண்டு. சமூகக் கொள்கை மற்றும் புரிதலுக்கான நிறுவனம் என்று தமிழில் சொல்லலாம். 2017-இல் அது நடத்திய கருத்தாய்வில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள முஸ்லிம் பெற்றோரில் 42 சதவீதத்தினர் தங்கள் பிள்ளை மதத்தின் பெயரால் சீண்டப்பட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சம்பவங்களில் நான்கில் ஒன்றில் சீண்டியவர் ஆசிரியரோ பள்ளி அலுவலரோதான். இந்த எண் வெளியாரைக் குற்றம் சாட்டுவது. எல்லா மேடையிலும் சொல்லலாம். அதே ஆய்வு இன்னொன்றையும் கேட்டது: உங்கள் மதச் சமூகத்தில் வீட்டு வன்முறைக்கு ஆளான யாரையாவது கடந்த ஓராண்டில் அறிவீர்களா? 13 சதவீதம் பேர் அறிவோம் என்றார்கள். மற்ற மதத்தாரைவிட இது அதிகமில்லை. ஆனால் முஸ்லிம்கள் அறிந்த அந்தச் சம்பவங்களில் ஏறத்தாழ பாதி, பள்ளிவாசல் இமாம் போன்ற மதத்தலைவர் ஒருவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. பொதுமக்களிடம் இந்த விகிதம் இவ்வளவு இல்லை.

இந்த ஒரு தகவல் எத்தனை உபதேசங்களுக்குச் சமம் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். அடிபட்ட பெண் முதலில் தட்டுவது இமாமின் கதவை என்றால், அந்த இமாம் பொறுத்துப்போ மகளே என்று அனுப்பிவைக்கிறாரா, பாதுகாப்பு இல்லத்தின் எண்ணைக் கொடுக்கிறாரா என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது. இமாம்களுக்கு இதில் பயிற்சி வேண்டும் என்று எதிரிகள் யாரும் வந்து சொல்லவில்லை. முஸ்லிம்கள் நடத்திய ஆய்வே சொல்லிவிட்டது.

டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் விண்ட்சர். அங்கே சட்டப் பேராசிரியராக இருந்த ஜூலி மக்ஃபார்லேன், அமெரிக்காவிலும் கனடாவிலும் முஸ்லிம்களின் மணவிலக்கு பற்றி இமாம்கள், விலக்குப் பெற்றவர்கள், சமூகப் பணியாளர்கள் என்று 200-க்கும் மேற்பட்டவர்களோடு உரையாடினார். 2012-இல் அவருடைய அறிக்கையை, மேலே சொன்ன கருத்தாய்வை நடத்திய அதே நிறுவனம் வெளியிட்டது, நூலும் வந்தது. அமெரிக்கச் சட்டமன்றங்களில் சிலர் ஷரியா வந்துவிடும் என்று கூச்சலிட்டு அதற்கு எதிராக மசோதா கொண்டுவந்த காலம் அது. அவர் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் தனி ஷரியா நீதிமன்றம் எதையும் கேட்கவில்லை. நாட்டுச் சட்டப்படி விலக்கு வாங்கியபிறகும் அல்லாஹ்வின் முன்னால் இந்த மணம் முடிந்தது என்ற நிம்மதிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. மக்ஃபார்லேன் முஸ்லிம் இல்லை. அதனால் என்ன? கேள்வி உள்ளிருந்து எழுந்தால், கேட்பவர் வெளியிலிருந்து வரலாம். பார்பரா அஸ்வாதின் கதையும் அதுதான்.

இதில் எனக்குக் குறையும் உண்டு. சமூகம் என்று நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். கிழக்கு டியர்போர்னின் லெபனானியக் குடும்பங்களில் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுக் குழுவின் நாற்காலிகள் அவர்களுக்கு எளிதில் கிடைத்துவிடும். சவுத் எண்டில் நேற்று வந்த யேமனியத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாமலிருக்கலாம். எந்த நோயை ஆராய வேண்டும் என்பதைப் பல சமயம் நிதி தரும் அறக்கட்டளை தீர்மானிக்கிறது. தீர்மானிக்கிற அறையில் அந்தத் தாய் இல்லாவிட்டால் ஆய்வை யார் நடத்தினாலும் அது மேலிருந்து வருவதுதான். ஆக்சஸ் போன்ற பெரிய அமைப்புகள் இதைப் பற்றி இன்னும் கடுமையாகத் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

மறுநாள் சலீனா பள்ளிகள் இருக்கும் பக்கம் போனோம். ஆலை வளாகத்தை ஒட்டியே தொடக்கப்பள்ளியும் நடுநிலைப்பள்ளியும். நிறுத்திவைத்திருந்த வெள்ளைக் கார் ஒன்றின் முகப்பில் விரலை வைத்து இழுத்தேன். விரலில் பழுப்பும் கறுப்புமாக ஒரு தூள் ஒட்டியது. தேய்த்தால் நெருநெருவென்றது, கொஞ்சம் மினுங்கியது. என்னோடு வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, இரும்புத்தூள் என்றான். நெடுநேரம் பேசவில்லை. இந்தக் காற்றைத்தான் விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் இழுக்கிறார்கள்.

இங்குள்ள இரும்பாலை பல கைகள் மாறியது. காற்றுமாசு விதிகளை மீறியதற்காக 2015-இல் அதன் முன்னாள் உரிமையாளரான செவர்ஸ்டால் 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் கட்டியது. 2023-இல் இப்போதைய உரிமையாளரான கிளீவ்லாண்ட் கிளிஃப்ஸ், சுமார் 10 கோடி டாலர் மதிப்பில் புதிய மாசு வடிகருவி அமைக்க அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இவை மேலே நடந்தவை. கீழே நடந்ததைத்தான் நான் பார்க்க வந்தேன். ஆக்சஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டியர்போர்ன் வளாகம், உள்ளூர்வாசிகள் மூவரும் சேர்ந்து சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வு என்று ஒரு கூட்டமைப்பு நடத்துகிறார்கள். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குக் காற்றுத்துகள் அளவி பிடிக்கக் கற்றுத்தருகிறார்கள். அளந்ததை வரைபடத்தில் ஏற்றவும், நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லவும் பயிற்சி. லாரிகளும் குவியல்களும் கிளப்பும் தூசியைக் கட்டுப்படுத்த நகராட்சி சட்டம் கொண்டுவந்தபோது அதன் பின்னால் இந்தக் குடியிருப்பாளர்களின் குரல் இருந்தது. தாத்தா அந்த ஆலையில் இரும்பு உருக்கினார். பேத்தி அதன் காற்றை அளக்கிறாள். தாத்தாவுக்கு நன்றி கெட்டவளாக யாரும் அவளைப் பார்க்கவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

அரசின் படிவம் பற்றிய சண்டைக்கும் ஒரு முடிவு வந்திருக்கிறது, பாதியாக. 2024 மார்ச் 28 அன்று அமெரிக்க அரசு, மத்திய கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கா என்பதைத் தனிப் பிரிவாகச் சேர்ப்பதாக அறிவித்தது. ஆக்சஸும் மற்ற அரபு அமைப்புகளும் பல பத்தாண்டுகள் மனுவும் ஆய்வுமாக முட்டி மோதிப் பெற்றது அது. சோமாலியரும் சூடானியரும் அதில் இடம்பெறவில்லை. அவர்களில் பலரும் அரபு உலகத்தோடு தங்களைச் சேர்த்துப் பார்ப்பவர்கள், இந்த நாட்டில் அதே இடர்களைப் படுபவர்கள். அந்த வேலை மிச்சமிருக்கிறது. அச்சமும் மிச்சமிருக்கிறது. கட்டத்தில் குறியிட்டால் நாளை அந்தப் பட்டியல் யார் மேசைக்குப் போகும் என்று தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் கேட்டார். 2004-ஐ அறிந்தவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. குறியிடுவேன், ஆனால் கணக்கை எங்கள் ஆட்களும் பார்க்க வேண்டும் என்று அவரே பதிலும் சொன்னார்.

தமிழ்நாட்டிலிருந்து டெட்ராய்ட்டுக்கு ஆண்டுதோறும் எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகள் உங்களை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவார்கள். போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டியதுதான். கூடவே மிச்சிகன் அவென்யூவில் இருக்கும் அரபு அமெரிக்க அருங்காட்சியகத்துக்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கச் சொல்லுங்கள். டிக்ஸ் அவென்யூவில் இறங்கி ஒரு தேநீர் குடியுங்கள். பக்கத்து மேசைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கும்போது யாருக்கு ஓட்டு என்று மட்டும் கேட்காதீர்கள்; ஊரில் எல்லோரும் சுகமா என்று கேளுங்கள்.